நெடும்பயணமும் நாட்கணக்கும்



தமிழ்நாட்டை விட்டு வெளியே குடித்தனம் நடத்தும் நம்மிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. எந்த ஊர்த் தண்ணீரும் நமக்கு ஒத்துக்கொள்ளும் என்பதே அது. தில்லியின் வைகாசி வெயிலையும் தை மாதக் குளிரையும் ஒரே உடம்பில் தாங்குகிறவர்கள் நாம். கல்கத்தாவின் புழுக்கத்திலும், நாகபுரியின் அனல் காற்றிலும், பம்பாயின் ஓயாத மழையிலும் நம்மவர் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கின்றனர். இனி எந்தச் சீமை நம்மை என்ன செய்துவிடும் என்று எண்ணுவது இயல்பே.

இந்த நம்பிக்கையில் பாதி உண்மை. புதிய சூழலுக்கு உடல் பழகிக்கொள்ளும் என்பதில் ஐயமில்லை. ஆனால், எத்தனை நாளில் பழகும் என்ற கணக்கை நாம் கேட்பதே இல்லை. தில்லிக்கு வந்த முதல் ஆண்டில் எத்தனை முறை சளி பிடித்தது, எத்தனை முறை வயிறு கெட்டது என்பதெல்லாம் நமக்கு மறந்து போயிற்று. அந்த ஓராண்டை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்று நம்மவரில் பலர் இரண்டு வகை நாடுகளுக்குப் புறப்படுகின்றனர். கைலாய யாத்திரையை நாடித் திபெத்தின் உயர்ந்த பீடபூமிக்குச் செல்வோர் ஒரு சாரார். நைஜீரியா, கானா, கென்யா, உகாண்டா போன்ற வெப்ப நாடுகளுக்கு வேலைக்கோ, அங்கே வேலையிலிருக்கும் மகனையோ மகளையோ பார்க்கவோ செல்வோர் மற்றொரு சாரார். மலையின் ஆபத்து வேறு, வெப்ப நாட்டின் ஆபத்து வேறு. ஆயினும் இரண்டிலும் நம்மவர் தவறுவது ஒரே இடத்தில்தான். பணம் சேர்க்கிறார்கள், கம்பளி வாங்குகிறார்கள், மாத்திரை வாங்குகிறார்கள். நாட்களை மட்டும் சேர்ப்பதில்லை.

முதலில் மலையைப் பார்ப்போம்.

நமக்குத் தெரிந்த பெரிய மலை உதகமண்டலம். அது சுமார் 7,350 அடி. அதற்கு மேலே தொட்டபெட்டா சிகரம் சுமார் 8,650 அடி. மலை நோய் என்று மருத்துவர்கள் கூறும் தொல்லை ஏறத்தாழ 8,000 அடியில்தான் தலைகாட்டத் தொடங்குகிறது. ஆகவே, ‘ஊட்டியில் நமக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்று சொல்லிக்கொள்வது, வாசற்படியில் நின்றுகொண்டு வீட்டைப் பார்த்துவிட்டேன் என்பதற்கு ஒப்பாகும். மானசரோவர் ஏரி சுமார் 15,000 அடி உயரத்தில் உள்ளது. கைலாயத்தைச் சுற்றிவரும் பாதையில் கடக்க வேண்டிய டோல்மா கணவாய் சுமார் 18,500 அடி.

உயரத்தில் காற்றில் பிராணவாயு குறைந்துவிடுகிறது என்று நாம் பொதுவாகப் பேசுகிறோம். உண்மையில் அதன் விகிதம் எங்கும் நூற்றுக்கு 21 பங்குதான். குறைவது காற்றின் அழுத்தம். அழுத்தம் குறையவே, ஒரு மூச்சில் நுரையீரலுக்குள் செல்லும் பிராணவாயுவின் அளவு குறைகிறது. இதனைத் தெளிவாக நிலைநாட்டியவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் பால் பெர். அவரது பெருநூல் 1878ஆம் ஆண்டில் வெளிவந்தது. 18,000 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதிதான். அதாவது, டோல்மா கணவாயில் நிற்பவர் ஒரு மூச்சு இழுத்தால் அவருக்குக் கிடைப்பது அரை மூச்சு.

இந்தக் குறையை உடல் எப்படிச் சரிக்கட்டுகிறது? முதல் மணியிலேயே வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்கத் தொடங்குகிறது. அப்படி வாங்கும்போது கரியமிலவாயு மிகுதியாக வெளியேறி, இரத்தத்தில் காரத்தன்மை கூடுகிறது. உடனே மூளை, ‘போதும், மூச்சை அடக்கு’ என்கிறது. இவ்விரு கட்டளைகளுக்கும் இடையே உடல் தத்தளிப்பதனாலேயே, மலைமேல் உறங்குவோர் நடு இரவில் மூச்சு நின்று நின்று வரத் திடுக்கிட்டு விழிக்கின்றனர். சிறுநீரகம் அந்தக் காரத்தை மெல்ல மெல்ல வெளியேற்றிய பிறகுதான் மூச்சு தங்கு தடையின்றி ஓடும். அதற்குச் சில நாட்கள் வேண்டும். இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகுவதற்கோ வாரக்கணக்கில் ஆகும். சிறுநீரகத்தை எவராலும் அவசரப்படுத்த இயலாது. இளைஞர் என்பதும், தினந்தோறும் நடப்பவர் என்பதும், பிராணாயாமம் பயின்றவர் என்பதும் இங்கே விலக்குப் பெறும் தகுதிகள் அல்ல. சொல்லப்போனால், திடகாத்திரமானவர்தான் வேகமாக ஏறி விரைவில் விழுகிறார்.

இவ்வாறு உடல் உயரத்துக்குப் பழகுவதை ஆங்கிலத்தில் அக்ளைமடைசேஷன் என்பர். இதைத் தமிழாக்க நேர்ந்தபோது நாம் சற்றுத் திண்டாடினோம். அகராதிப்படி சென்றால் ‘தட்பவெப்பத்துக்குப் பழகுதல்’ என்று வருகிறது. ஆனால் இங்கே தட்பத்துக்கும் வெப்பத்துக்கும் வேலையே இல்லை. கம்பளியால் தீரும் காரியமன்று இது. முடிவில் ‘மலைக்குப் பழகுதல்’ என்றே எழுதி வைத்தோம். பாமரத்தனமாக இருக்கிறது என்று சிலர் குறை கூறினர். இருக்கட்டும், பொருள் தவறவில்லை.

இந்தப் பாடத்தை நம் நாடு பெருவிலை கொடுத்துக் கற்றது. 1962ஆம் ஆண்டுச் சீனப் போரின்போது, சமவெளியிலிருந்து நம் போர்வீரர்கள் விமானத்திலும் வண்டியிலுமாக உயர்ந்த எல்லைப்புறங்களுக்கு விரைந்து அனுப்பப்பட்டனர். எதிரியின் குண்டு படாமலே மூச்சுத் திணறி வீழ்ந்தோர் உண்டு. அக்காலத்தில் மலை நோய் கண்ட 1,925 வீரர்களைப் பரிசோதித்த நம் மருத்துவர்கள், தாம் கண்டவற்றை 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புகழ்பெற்ற நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டனர். மலை நோய் பற்றிப் பிற்காலத்தில் எழுதிய உலக வைத்தியர்கள் பலரும் மேற்கோள் காட்டும் கட்டுரை அது. நம் ராணுவம் பின்பற்றும் கணக்கு பின்வருமாறு: 9,000 முதல் 12,000 அடி வரை செல்வோருக்கு ஆறு நாள் பழக்கம், 15,000 அடி வரை செல்வோருக்கு மேலும் நான்கு நாள், அதற்கும் மேலே ஏற இன்னும் நான்கு நாள். இருபது வயதுக் கட்டிளங்காளைக்கு விதித்த கணக்கு இது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

சாதாரணப் பயணிக்கு மருத்துவர்கள் கூறும் விதி இதனினும் எளிது. சுமார் 10,000 அடிக்கு மேலே சென்றபின், இரவு உறங்கும் இடத்தை நாளொன்றுக்கு 1,600 அடிக்கு மேல் உயர்த்தலாகாது. மூன்று நான்கு நாளைக்கு ஒரு நாள் அதே இடத்தில் தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் ஏறி இறங்கினாலும் பாதகமில்லை. இரவில் எங்கே தலை சாய்க்கிறோம் என்பதே முக்கியம்.

இனி, கைலாயத்துக்கு நம்மவர் செல்லும் வழிகளைப் பார்ப்போம். மத்திய அரசு 1981 முதல் நடத்திவரும் யாத்திரை 2020இல் நின்று, 2025இல் மீண்டும் தொடங்கிற்று. அதில் செல்வோருக்குத் தில்லியிலேயே மருத்துவப் பரிசோதனை நடைபெறும். லிபுலேக் கணவாய் வழியே செல்வோர், சுமார் 10,500 அடியிலுள்ள குஞ்சியில் தங்கி மறுபடியும் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். இவ்வளவு தூரம் வந்தபின் திருப்பி அனுப்புகிறார்களே என்று மனம் நொந்து பேசுவோர் உண்டு. திருப்பி அனுப்பப்பட்டவர் வீடு சேர்ந்தார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

தனியார் ஏற்பாட்டில் நேபாளம் வழியாகச் செல்வோரின் நிலை வேறு. ஐந்நூறு அடி உயரமுள்ள நேபாள்கஞ்சிலிருந்து விமானத்தில் சிமிகோட், அங்கிருந்து ஹெலிகாப்டரில் எல்லைப்புறமான ஹில்சா, பின்னர் வண்டியில் சுமார் 13,000 அடியிலுள்ள தக்லகோட், அடுத்து மானசரோவர். விடுமுறை கொஞ்சம், செலவு மிச்சம் என்று நாட்களைச் சுருக்கச் சுருக்க, சிறுநீரகத்துக்கு வேண்டிய அவகாசம்தான் பறிபோகிறது. ‘ஒன்பதே நாளில் கைலாயம்’ என்ற விளம்பரத்தைக் கண்டால் நமக்கு அச்சமே உண்டாகிறது. தக்லகோட்டில் இரண்டு இரவுகளாவது தங்க வழியிருக்கிறதா என்று பணம் கட்டுமுன் கேட்க வேண்டும்.

நம்முடன் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் 2018ஆம் ஆண்டில் இவ்வழியே மனைவியுடன் சென்றார். மானசரோவர்க் கரையில் தங்கிய இரவிலேயே தலைவலி. காலையில் உணவு வேண்டியிருக்கவில்லை. உடன் வந்தோரிடம் கூறினால் பரிக்கிரமத்துக்கு விடமாட்டார்கள் என்று அஞ்சி, விரதம் என்று சொல்லிவிட்டார். முதல் நாள் நடையின் முடிவில், 16,000 அடிக்கு மேலுள்ள திராபுக் தங்குமிடத்தில், காலணியின் கயிற்றை அவிழ்க்க முயன்றவருக்கு அவிழ்க்கத் தெரியவில்லை. பேச்சும் குழறிற்று. களைப்பு என்றே எல்லோரும் எண்ணினர். அந்த அம்மையார் மட்டும், ‘இவர் முப்பத்தைந்து வருஷமாக இந்த முடிச்சைத்தான் போட்டு அவிழ்க்கிறார், இது களைப்பு இல்லை’ என்று கூறி, வழிகாட்டியை எழுப்பி, அந்த இரவிலேயே அவரைக் கீழே இறக்கச் செய்தார். அவர் பிழைத்தார். யாத்திரை குறைபட்டுவிட்டது என்று பல மாதங்கள் மனைவியிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த அம்மையார் கண்டுகொண்டதை நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். உயரத்தில் தலைவலியும், அதனுடன் குமட்டல், பசியின்மை, அசதி இவற்றில் ஒன்றும் சேர்ந்தால், வேறு காரணம் தெரியும் வரை அது மலை நோயே. அந்நிலையில் மேலே ஒரு அடியும் ஏறாமல் அங்கேயே தங்கினால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஆனால், குதிகாலின் முன் விரலை வைத்துக் கோடு பிடித்தாற்போல் பத்தடி நடக்க முடியாமல் ஒருவர் தள்ளாடினாலோ, பேச்சிலும் செயலிலும் குழப்பம் தோன்றினாலோ, மூளை வீங்குகிறது என்று பொருள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமலில் நுரையோ இரத்தம் கலந்த சளியோ வந்தாலோ, நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. இது பெரும்பாலும் மேலே சென்ற இரண்டாம் இரவிலோ அதற்கடுத்தோ வருகிறது. இந்த இரு நிலைகளிலும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. பிராணவாயு கொடுத்தபடி, நோயாளியைத் தனியே விடாமல், இருட்டானாலும் கீழே இறக்க வேண்டும். மூவாயிரம் அடி இறங்கினால் பெரும்பாலோர் தேறுகின்றனர்.

அசெட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு. சிறுநீரகம் காரத்தை வெளியேற்றும் வேலையை அது துரிதப்படுத்துகிறது. வழக்கமாக 125 மில்லிகிராம் வீதம் நாளைக்கு இருவேளை, ஏறத் தொடங்குவதற்கு முந்தின நாள் முதல் கொடுப்பார்கள். விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கும். சிறுநீர் அடிக்கடி போகும். சல்பா மருந்து ஒவ்வாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் வைத்தியரைக் கேளாமல் இதைத் தொடலாகாது. நம்மவர் பலர் இடுப்பு முடிச்சில் கற்பூரம் கொண்டுபோய் முகர்கின்றனர். வாசனை இதமாக இருக்கலாம். காற்றின் அழுத்தத்தை அது ஒரு மயிரிழையும் கூட்டாது. தூக்க மாத்திரை, மது இரண்டும் மூச்சை மேலும் மந்தமாக்குவதால் அறவே ஆகா. நீரிழிவுக்காரர் இன்சுலினை உறைந்துபோகாதவாறு உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

மானசரோவரில் நீராடுவது பற்றியும் ஒரு வார்த்தை. குளிர்ந்த நீரில் நெடுநேரம் நின்று மந்திரம் கூறி, நனைந்த ஆடையோடு காற்றில் நிற்பவர் உடல்சூட்டை மிக வேகமாக இழக்கிறார். தலையில் தெளித்துக்கொள்வதும் தீர்த்தமாடுவதாகவே ஆகும் என்று பெரியோர் பலர் கூறக் கேட்டிருக்கிறோம்.

மலையும் வெப்ப நாடும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் ஒன்றுண்டு. அது தான்சானியாவிலுள்ள கிளிமஞ்சாரோ. பூமத்திய ரேகையிலிருந்து மூன்று பாகை தெற்கே, 19,340 அடி உயர்ந்து நிற்கிறது. அடிவாரத்தில் மலேரியாக் கொசு. உச்சியில் அரை மூச்சு. ஐந்து நாளில் ஏறி இறங்குவாரும் உண்டு, எட்டு நாள் எடுப்பாரும் உண்டு. அதிக நாள் எடுப்போரே அதிகமாக உச்சி காண்கின்றனர். அங்குள்ள வழிகாட்டிகள் ஸ்வாஹிலி மொழியில் ஓயாமல் கூறுவது ‘போலே, போலே’ என்பது. மெல்ல மெல்ல என்று பொருள்.

அந்த அடிவாரத்துக்கே இப்போது இறங்கி வருவோம். வெப்ப நாடு என்றதும், ‘நாமும் வெப்ப நாட்டார்தாமே’ என்ற எண்ணம் நமக்கு எழுகிறது. வெப்பம் பற்றியவரை சரி. அங்குள்ள நோய்களோ நம் வெப்பத்தின் நோய்கள் அல்ல.

மஞ்சள் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். இது மஞ்சட்காமாலை அன்று. பலரும் இரண்டையும் ஒன்றெனக் குழப்புகின்றனர். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உள்ள ஒரு வைரஸ் நோய் அது. கொசுவே அதைப் பரப்புகிறது என்று கியூபாவைச் சேர்ந்த கார்லோஸ் பின்லே 1881இல் கூறியபோது பெரும்பாலோர் நம்பவில்லை. 1900இல் வால்டர் ரீட் குழுவினர் ஹவானாவில் அதை மெய்ப்பித்தனர். அக்குழுவைச் சேர்ந்த டாக்டர் ஜெஸ்ஸி லசியர் அந்த நோய்க்கே பலியானார். தடுப்பு மருந்தைக் கண்ட மாக்ஸ் டைலருக்கு 1951இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் நாட்டில் தெருவுக்குத் தெரு உண்டு. டெங்குவைப் பரப்புவதும் அதுவே. வைரஸ் மட்டும் இன்னும் ஆசியாவில் கால் ஊன்றவில்லை. ஆகவேதான் நம் அரசு இதில் மிகக் கண்டிப்பாக இருக்கிறது. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து தடுப்பூசிச் சான்று இல்லாமல் வருவோர், அங்கிருந்து புறப்பட்ட ஆறு நாள் நிறைவுறும் வரை தனிமைப்படுத்தப்படலாம். இந்தியக் குடிமகன் என்பதால் சலுகை இல்லை.

இங்கேயும் நாட்கணக்கு வருகிறது. ஊசி போட்ட பத்தாம் நாள் முதல்தான் அச்சான்று செல்லும். மகளின் பேறுகாலத்துக்காக லாகோஸ் நகருக்குப் புறப்பட்ட ஒரு தம்பதியரை நாம் அறிவோம். பயணச்சீட்டு வாங்கி, சாம்பார்ப்பொடி, பிரசவ லேகியம் எல்லாம் கட்டி முடித்து, பயணத்துக்கு நான்கு நாள் முன்பு ஊசி போட்டுக்கொண்டனர். விமான நிலையத்தில் சான்றைப் பார்த்தவர் தேதியைக் காட்டி மறுத்துவிட்டார். அவர்கள் மறுபடி சீட்டு வாங்கிப் போய்ச் சேரும்போது குழந்தைக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது.

ஊசி எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது. அரசு அங்கீகரித்த மையங்களிலேயே போடப்படும். சென்னையில் கிண்டி கிங் நிலையம் அவற்றுள் ஒன்று. தில்லி, மும்பை, கொல்கத்தாவிலும் மையங்கள் உள்ளன. வாரத்தில் சில நாட்களே போடும் மையங்களும் உண்டு. ஆதலின் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே விசாரிப்பது உத்தமம். 2016 ஜூலை முதல் ஒரு முறை பெற்ற சான்று ஆயுள் முழுதும் செல்லும். ஆனால் அறுபது வயதைக் கடந்து முதன்முறை போட்டுக்கொள்வோருக்கும், முட்டை ஒவ்வாதவருக்கும், கர்ப்பிணிகளுக்கும் இது சிந்தித்துச் செய்ய வேண்டிய காரியம். பேரக்குழந்தையைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்களே என்பதால், இதை அழுத்திக் கூறுகிறோம்.

மலேரியா நமக்குப் பழைய எதிரி. அது கொசுவின் உடலில் வளர்வதை 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டறிந்தார். நம் நாட்டில் வைவாக்ஸ் என்ற வகையும் பால்சிபாரம் என்ற வகையும் காணப்படுகின்றன. ஆப்பிரிக்காவில் மிகுந்திருப்பது பால்சிபாரம். அது ஓரிரு நாளிலேயே மூளையைத் தாக்கி உயிரைக் குடிக்க வல்லது. முன்னாளில் வாரம் ஒரு முறை விழுங்கிய குளோரோகுயின் மாத்திரைக்கு அது அங்கே அடங்குவதில்லை. இன்று தரப்படும் தடுப்பு மாத்திரைகளில் சில, புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பும், சில இரண்டு மூன்று வாரம் முன்பும் தொடங்க வேண்டியவை. திரும்பி வந்த பின்பும் மருந்துக்குத் தக்கபடி ஒரு வாரமோ நான்கு வாரமோ தொடர வேண்டும். ஊருக்கு வந்துவிட்டோமே என்று மாத்திரையை நிறுத்துவதுதான் நம்மவர் வழக்கம். ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமிக்கு நாம் ஊர் திரும்பியது தெரியாது. மாத்திரை உண்டாலும் கொசுவலை வேண்டும். மலேரியாக் கொசு அந்தி முதல் விடியல் வரை கடிக்கும், ஏடிஸ் பகலில் கடிக்கும்.

நீரைக் கண்டால் இறங்கிக் குளிப்பது நம் குலவழக்கம். விக்டோரியா ஏரி போன்ற ஆப்பிரிக்க நன்னீர் நிலைகளில் அது கூடாது. நத்தையிலிருந்து வெளிவரும் ஒரு நுண்புழு தோலைத் துளைத்து உள்ளே புகுந்து, பின்னாளில் சிறுநீர்ப்பையையும் ஈரலையும் கெடுக்கும். கடல்நீரில் அந்த அச்சமில்லை. வயிற்றுப்போக்கு கண்டால், ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து அடிக்கடி பருக வேண்டும். இத்தகைய கரைசலால் 1971இல் பங்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலநாபிஸ் எண்ணற்ற உயிர்களைக் காத்தார்.

கடைசியாகக் கூற வேண்டியது, வீடு திரும்பிய பின்னர் வரும் ஜுரம். கொசு கடித்து ஒரு வாரமேனும் ஆகாமல் பால்சிபாரம் தலைகாட்டாது. பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் காட்டிவிடும். வைவாக்ஸ் ஓராண்டு கழித்தும் எழலாம். தில்லியில் ஆவணி, புரட்டாசி மாதங்களில் வீட்டுக்கு வீடு ஜுரம். நம் வைத்தியர் அதை டெங்கு என்றோ சாதாரணக் காய்ச்சல் என்றோ எண்ணுவது இயற்கை. அவர் கேட்குமுன், ‘இன்ன நாட்டிலிருந்து வந்து இத்தனை நாள் ஆகிறது’ என்று நாமே கூறிவிட வேண்டும். அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். முதல் சோதனையில் கிருமி தென்படாவிட்டாலும், ஜுரம் தணியாதவரை மறுநாளும் அதற்கடுத்த நாளும் இரத்தத்தை மீண்டும் பார்க்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டும்.